காலிப் பெட்டியை மூடக் கூடாது

ஐஸ் பெட்டிக்கு விளம்பர வீடியோவா என்று சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துக்கொள்ளட்டும். போகப் போகச் சிரிப்பு வராது.

சோப்புக்கு விளம்பரம் உண்டு, சேலைக்கு உண்டு, மூட்டுவலித் தைலத்துக்கு உண்டு. இறந்தவரைச் சொந்தக்காரர்கள் வந்து சேரும் வரை குளிரில் வைத்திருக்கிற கண்ணாடிப் பெட்டிக்கு மட்டும் ஏன் கூடாது? ராஜபாளையம் தென்காசி ரோட்டில் ‘இளைப்பாறுதல் சர்வீஸ்’ என்று போர்டு மாட்டி, பெட்டியும் வேனும் வாடகைக்கு விடுகிற தேவஇரக்கம் இதைத்தான் ஜெயசித்ராவிடம் கேட்டார். “ஊர்ல ஆளாளுக்குப் பொட்டி வாங்கிப் போட்டுட்டாங்க தங்கச்சி. ஒரு வீடியோ எடுத்து விடேன்.” அவளும் சரி என்று தலையாட்டிவிட்டாள். சனியன் அங்கேதான் ஏறி உட்கார்ந்தது.

தொழில் என்று வந்தால் ஜெயசித்ரா லேசுப்பட்டவள் இல்லை. பஞ்சு மார்க்கெட் பக்கம் மாடியில் ஸ்டூடியோ, அதற்குப் பின்னாலேயே குடித்தனம். புருஷன் தங்கப்பாண்டியன் பட்டாளத்தில், வடக்கே எங்கேயோ பனியில் நிற்கிறான். அந்த வட்டாரத்து மாவுமில், நர்சரி, பல் டாக்டர் என்று யாருக்கு வீடியோ வேண்டுமென்றாலும் அவளிடம்தான் வருவார்கள். கேமராவை எடுக்கும் முன் ஒரே கேள்விதான் கேட்பாள். “இத யாரு பாக்கணும்?” எல்லாருந்தான் என்று எவராவது சொல்லிவிட்டால் போச்சு, மூக்குக்கு மேல் கோபம் வரும். “எல்லாருக்கும்னு சமைச்சா ஒருத்தர் வாய்க்கும் உப்பு ஒறைக்காது. ஒரே ஒரு ஆளச் சொல்லுங்க. ஆணா, பொண்ணா, என்ன வயசு, எந்த நேரத்துல போனக் கையில எடுக்கும்?”

தேவஇரக்கம் யோசிக்காமல் சொன்னார். “வேற யாரு, செத்தவுக வீட்டுக்காரங்கதான்.”

“வீட்டுக்காரங்க அழுதுட்டுக் கெடப்பாங்க அண்ணாச்சி. அவங்களுக்கு நம்பர் தேடத் தெம்பு ஏது? இத்தன வருசத்துல ஒங்களுக்குப் போன் போட்டது யாரு? நெனச்சுப் பாருங்க.”

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நினைத்துப் பார்த்தார். “மருமவன்மாருதான். இல்லாட்டி மச்சினன். பக்கத்து வீட்டுக்காரன்.”

“ஆங். அந்த வீட்டுல அழாம நிக்கிற ஒரே ஆளு. பந்தக்காரனுக்குச் சொல்லணும், பூவுக்குச் சொல்லணும், யாரு எப்ப வாராங்கன்னு கேக்கணும். அவனுக்குத்தான் இந்த வீடியோ. கரெண்டு போனா ஜெனரேட்டர் உண்டா, எம்புட்டு நேரத்துல வண்டி வரும், எத்தன நாள் தாங்கும், இம்புட்டுத்தான் அவனுக்கு வேணும். ஒப்பாரியெல்லாம் வேண்டாம்.”

தேவஇரக்கம் அசந்துபோனார். அசத்தத்தான் அவளும் சொன்னாள். ஆனால் இந்த அறிவெல்லாம் அவளுக்குப் புத்தகம் படித்து வந்ததில்லை. போன வருஷம் அவள் அம்மா வெள்ளத்தாய் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் இறந்தபோது, அப்பா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டு மருமகன்தான் ஓடி ஓடி எல்லாருக்கும் போன் போட்டார். வந்ததும் இதே தேவஇரக்கத்தின் பெட்டிதான்.

அன்றைக்குக் காலையில் அம்மா நன்றாகத்தான் எழுந்து பால் காய்ச்சியிருக்கிறாள். அடுப்பை அணைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். ஜெயசித்ரா அந்த நேரத்தில் பிளவக்கல் அணையில், கல்யாணம் பேசி முடித்த ஒரு ஜோடியைக் கைகோத்து நடக்கச் சொல்லிப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். அங்கே டவர் கிடைக்கவில்லை. அவள் வந்து சேர்ந்தபோது பொழுது இறங்கிவிட்டது. முன்னறையில் பெட்டி இருந்தது, பெட்டிக்குள் அம்மா இருந்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததோடு சரி, அந்த வீட்டுக்குள் அவள் காலெடுத்து வைக்கவில்லை. வாசலில் நின்றபடி அப்பாவிடம் தூக்குவாளியை நீட்டுவாள். “வேலை கெடக்குப்பா” என்று வண்டியைத் திருப்புவாள். உள்ளே அந்தப் பெட்டியின் மோட்டார் இன்னும் ம்ம்ம் என்று ஓடிக்கொண்டிருப்பது அவளுக்குக் கேட்டது. பெட்டிதான் அன்றைக்கே போய்விட்டதே என்று புத்திக்குத் தெரியும். காதுக்கு யார் சொல்வது? நாளாக ஆக வாசல் வரை போவதும் நின்று, போன் மட்டும்தான் மிச்சம். “சாப்பிட்டியாப்பா?” “ஆச்சு தாயி.” அவ்வளவுதான் பேச்சு. என்னோடு வந்து இரு என்று ஒருமுறை கூப்பிட்டாள். “ஒங்கம்மையத் தனியா விட்டுட்டா?” என்று அவர் கேட்டார். அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. வெட்கக்கேடு.

அப்படிப்பட்டவள் ஐஸ் பெட்டி வீடியோவுக்கு ஏன் ஒப்புக்கொண்டாள் என்றால், முள்ளை முள்ளால் எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். பெட்டியைப் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் படம் பிடித்தால் பயம் விட்டுப்போகும் என்று கணக்குப் போட்டாள்.

படம் பிடிக்கப் போன அன்று முதல் தகராறு மூடியால் வந்தது. பெட்டிக்கும் கண்ணாடி மூடிக்கும் நடுவில் ஒரு மரக்கட்டை செருகியிருந்தது. அதை எடுத்துவிட்டு மூடுங்கள் என்றாள். தேவஇரக்கம் மாட்டேன் என்றார்.

“காலிப் பொட்டிய மூடக் கூடாது தங்கச்சி. மூடினா அது ஆளு கேக்கும்.”

“ஞாயித்துக்கெழம தவறாமச் சபைக்குப் போற மனுசன் பேசுற பேச்சா இது?”

“ஆண்டவரு மன்னிப்பாரு. பொட்டி மன்னிக்காது.”

அதற்கு மேல் அவரிடம் பேசிப் பயனில்லை. அவருடைய வேனில் வரும்போதும் கட்டை, குடோனில் கிடக்கும்போதும் கட்டை. ஆனால் பாதி திறந்த பெட்டி, வீடியோவில் ரிப்பேருக்கு வந்த சாமான் மாதிரி இருந்தது. மூடித்தான் காட்டவேண்டும், மூடவேண்டுமென்றால் உள்ளே ஆள் வேண்டும். நாடகம் போடுகிற ஒருத்தரைக் கேட்டார்கள். “மேடையில செத்தா எந்திரிச்சு டீ குடிக்கலாம், இது நமக்கு ஒத்து வராது” என்று அவர் போனை வைத்துவிட்டார். ஜவுளிக்கடைப் பொம்மை ஒன்றைக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். ஆடித் தள்ளுபடி மாதிரி இருந்தது.

கடைசியில் ஜெயசித்ரா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தானே ஏறிப் படுத்தாள். போனை ஸ்டாண்டில் மாட்டிக் கால்மாட்டில் நிறுத்தியிருந்தாள். தேவஇரக்கம் வெள்ளைத் துணியைக் கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் போர்த்தினார். மனசே இல்லாமல் மூடியை இறக்கினார். கைகள் இரண்டையும் மூடியின் மேலேயே வைத்துக்கொண்டு வாய்க்குள் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார்.

உள்ளே சத்தமெல்லாம் அறுந்துபோயிற்று. மோட்டார் மட்டும் முதுகுக்குக் கீழே ம்ம்ம் என்றது. கண்ணாடிக்கு மேலே மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. அன்றைக்கு அம்மா இப்படித்தான் கிடந்திருக்கிறாள் என்று நினைத்தாள். குனிந்து குனிந்து பார்க்கிற முகங்களில் என் முகத்தைத் தேடியிருப்பாளோ என்று நினைத்தாள். செத்தவளுக்கு ஏது தேட்டம் என்று நீங்களும் நானும் வெளியில் இருந்துகொண்டு சொல்லலாம். அந்தப் பெட்டிக்குள் படுத்துக்கொண்டு சொல்ல முடியாது. வலது தோளை ஒட்டி இன்னொரு ஆளுக்கு இடம் விட்டு யாரோ ஒதுங்கிப் படுக்கிற மாதிரி இருந்தது. உயிரே போனாலும் அசையக் கூடாது, ஷாட் கெட்டுவிடும் என்று பல்லைக் கடித்துக் கிடந்தாள்.

அன்று தொடங்கி அவள் வலது தோள் சில்லென்றே இருந்தது. தைலம் தேய்த்தாள், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். சூடு ஏறவில்லை. எடிட் பண்ணும்போது அந்தக் காட்சியை முழுசாகப் பார்க்கத் துணிவில்லாமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு குத்துமதிப்பாக வெட்டி வீடியோவின் கடைசியில் ஒட்டினாள். முதலில் தேவஇரக்கம் வருவார். ஜெனரேட்டர் உண்டு என்பார். “நாலு நாள் ஆனாலும் கவல இல்ல. ஒரு போன் போடுங்க, நானே வந்திருதேன்” என்பார். பிறகு மூடிய பெட்டி, உள்ளே ஒரு பெண், கண்ணாடியின் மேல் போன் நம்பர். அதோடு முடிந்துவிடும்.

ஓடி அலைகிற ஒரு மருமகன் காதுக்கு அந்த வார்த்தை எவ்வளவு ஆறுதல்! அப்பாடா, இந்த ஒரு வேலையை இந்த மனுஷன் பார்த்துக்கொள்வார் என்று இருக்கும். அந்த மருமகனுக்குத்தான் அதை அவள் எழுதிக் கொடுத்தாள்.

வீடியோவைப் பணம் கட்டிப் பரப்பும்போது இன்ன ஊர், இன்ன வயசு என்று ஆட்களைக் குறித்துவிட வேண்டும். அப்போதுதான் அவர்கள் போனுக்கு மட்டும் அது போகும். முந்தின வாரம் மூட்டுவலித் தைலத்துக்கு அவள் குறித்து வைத்திருந்தாள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சுற்றுப்பட்டி, வயசு அறுபதுக்கு மேல். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் குறிக்கச் சோம்பல் பட்டுப் பழையதையே எடுத்துப் போட்டு ஊரை மட்டும் சரிபார்ப்பது அவள் வழக்கம். அன்றைக்கும் ஊரைச் சரிபார்த்தாள். வயசைப் பார்க்கவில்லை. தோள் வலித்தது, அந்தக் காட்சியோடு ஒரே அறையில் இருக்கப் பிடிக்கவில்லை, பட்டனை அமுக்கிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டாள்.

யாருக்கு என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள் செய்த காரியம் இது!

வீடியோ பிய்த்துக்கொண்டு போனது. இதுவரை அவள் எடுத்த எதையும் ஜனங்கள் பாதிக்கு மேல் பார்த்ததில்லை. இதைக் கடைசி நொடி வரை பார்த்தார்கள், திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். கடைசி வரை பார்க்கிறவர்களுக்கு அது மறுபடியும் மறுபடியும் போய்க்கொண்டே இருந்தது. ஜெயசித்ராவுக்குப் பெருமை தாங்கவில்லை. தேவஇரக்கத்திடமிருந்து ஒரு பாராட்டு வருமென்று காத்திருந்தாள். வந்தது வேறு.

“தங்கச்சி, செத்த நேரம் கடைக்கு வந்துட்டுப் போ” என்றார் போனில். “எனக்கு வாற போனெல்லாம் சரியில்ல.”

அவள் போனபோது மத்தியானம். ரோட்டில் வெயில் கொளுத்தியது, அவர் மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். மேஜையின் நடுவில் போன் கிடந்தது. அதைத் தொடாமல் தள்ளி உட்கார்ந்திருந்தார்.

“மருமவன் ஒருத்தன்கூடக் கூப்பிடல. எல்லாம் வயசான குரலு. மொதல்ல ஒருத்தரு பேசவே இல்ல, மூச்சு மட்டும் விட்டுட்டு வச்சுட்டாரு. பொறவு தெலுங்கு பேசுற ஒரு ராஜு வீட்டு அம்மா. ‘நாயனா, உள்ள லைட்டு எரியுமா? எனக்கு இருட்டுன்னா ஆகாது’ங்காவ. ‘யாரும்மா தவறிட்டாங்க’ன்னு கேட்டேன். ‘யாரும் தவறலப்பா, எனக்குத்தான் கேக்கேன்’ங்காவ. இந்தத் தொழில்ல எம்புட்டோ பாத்துட்டேன் தங்கச்சி. பொணத்துக்குப் பொணமே போன் போட்டு நான் பாத்ததில்ல.”

“என்ன அண்ணாச்சி சொல்லுதீங்க?”

“சோழபுரத்துல பால்ச்சாமின்னு ஒரு சம்சாரி, அந்த வீடியோ வந்த போனத் தூக்கிக் கெணத்துல போட்டுட்டாராம். யாரு போனுக்கு அது வருதோ அவுகளுக்கு மொற வந்துருச்சுன்னு டீக்கடையில பேசுதாங்க. ‘நானே வந்திருதேன்’னு நான் சொல்லுதேன்ல, அதக் கேட்டுட்டு ஒரு அம்மா அழுவுது. ‘எப்பப்பா வருவ’ன்னு கேக்குது. நான் என்னத்தச் சொல்ல? என்ன எமனாக்கிட்டியே!”

ஜெயசித்ரா போனை எடுத்து விளம்பரக் கணக்கைத் திறந்தாள். வயசு என்கிற இடத்தில் அறுபதுக்கு மேல் என்று இருந்தது. ஒத்தையில் மோட்டுவளையைப் பார்த்துக் கிடக்கிற ஒவ்வொரு கிழவர் கையிலும், கிழவி கையிலும் அவள் அந்தப் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். நாளெல்லாம் கொடுத்திருக்கிறாள். அவர்கள் மூடாமல் பார்த்திருக்கிறார்கள்.

“ஐயோ அண்ணாச்சி, வயசு மாறிப்போச்சு. இப்பவே நிறுத்திருதேன்.”

“நிறுத்து தாயி, புண்ணியமாப் போகும். ஒண்ணு கவனிச்சியா? எல்லாருக்கும் ஒரே கேள்விதான். வாடகை கேக்கல, ஜெனரேட்டர் கேக்கல. எம் மவன் துபாய்ல இருக்கான், எம் மக அமெரிக்காவுல இருக்கா, அவ வார வரைக்கும் தாங்குமா? இதத்தான் கேக்காங்க.”

அப்போது மேஜைமேல் போன் அடித்தது. தேவஇரக்கம் அவளைப் பார்த்தார். எடுத்துக் காதில் வைக்கப் பயந்து, ஸ்பீக்கரை அமுக்கினார்.

“இளைப்பாறுதல் சர்வீஸ்.”

“வணக்கம். நான் ரிட்டையர்டு ஏட்டு இருளப்பசாமி பேசுதேன். ஸ்ரீவில்லிபுத்தூர், மடவார்வளாகம்.”

ஜெயசித்ராவின் விரல் திரையின் மேலேயே நின்றுவிட்டது. தேவஇரக்கத்துக்கு ஆள் புரியவில்லை. “சொல்லுங்கய்யா” என்றார்.

“ஒங்க வீடியோ பாத்தேன். அதான், முன்கூட்டியே சொல்லி வைக்கலாமான்னு கேக்கேன். இப்ப ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்.”

“அதெல்லாம் எதுக்குய்யா இப்ப? நூறு வயசு இருப்பீங்க.”

“அது கெடக்கட்டும். ஒரு மக இருக்கா. அவ வார வரைக்கும் வச்சிருக்கணும். நாலு நாள் தாங்கும்னு சொல்லுதீங்க. அதுக்கு மேல ஆனா?”

“மக வெளிநாட்டுலயாய்யா?”

“ராஜபாளையத்துல.”

தேவஇரக்கம் குழம்பிப்போய், “ராஜபாளையம்னா அரை மணி நேரமாச்சேய்யா” என்றார்.

“ஆமா. அவளுக்கு வேலை ஜாஸ்தி. பெரிய கெட்டிக்காரி, வீடியோவெல்லாம் எடுப்பா.” அந்த வார்த்தையைச் சொல்லும்போது மட்டும் குரல் நிமிர்ந்தது. தேவஇரக்கத்துக்கு அப்போதுதான் புரிந்தது. அவளைப் பார்த்தார், கை ஸ்பீக்கரை அணைக்கப் போயிற்று. ஜெயசித்ரா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னொரு விசயம் தம்பி. பொட்டிய வீட்டுக்குள்ள வைக்க வேண்டாம். வாசல்ல, பந்தலுக்குக் கீழ வச்சிருங்க. ஒங்க ஆளுககிட்டச் சொல்லி வைங்க, அந்நேரம் சொல்ல நான் இருக்க மாட்டேன். எம் மக உள்ள வர மாட்டா, பயப்படுதா. வாசல்ல வச்சாப் பாத்துட்டுப் போயிருவா.”

தேவஇரக்கம் “சரிங்கய்யா” என்று மட்டும் சொன்னார். அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

விளம்பரத்தை நிறுத்திவிட்டு ஜெயசித்ரா எழுந்தாள். அழவில்லை. வண்டிச் சாவியைத் தேடினாள், கையிலேயே இருந்தது. தேவஇரக்கம் வாசல் வரை வந்தார். துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புகிற மாதிரி, அவளும் ஒன்றும் சொல்லாமலே வண்டியை எடுத்தாள்.

வழியெல்லாம் வலது தோள் குளிர்ந்தது. உச்சி வெயில், ரோடு கானலாய் நெளிகிறது, எதிரே வருகிற பஸ்காரன் வேர்த்து ஒழுக ஓட்டிக்கொண்டு வருகிறான், இவளுக்குப் பல் கிட்டுகிறது. பின்சீட்டில் ஒரு கனம் இருந்தது. திரும்பிப் பார்த்தால் ஒன்றும் இல்லாமல் போய்விடுமோ என்றும் பயம், இருந்துவிடுமோ என்றும் பயம். பார்க்கவில்லை.

வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. அவள் வாசலில் வண்டியை நிறுத்தினாள். ம்ம்ம் என்ற சத்தம் உள்ளிருந்து வந்தது, அன்றைக்குக் கேட்ட அதே சத்தம். கால் பின்வாங்கியது. பெட்டியை வாசலில் வைக்கச் சொல்கிறாரே பாவி மனுஷன் என்று நினைத்தாள். அந்த நினைப்பில் வந்த கோபம் யார் மேல் என்று தெரியவில்லை, அதுதான் அவளைப் பிடித்து உள்ளே தள்ளியது. படியேறி முன்னறைக்குள் போய்விட்டாள்.

இருளப்பசாமி நாற்காலியில் இருந்தார். நன்றாக இளைத்திருந்தார். சவரம் பண்ணாமல் ஒருநாளும் இருக்காத போலீஸ்காரர் முகத்தில் வெள்ளைத் தாடி மண்டியிருந்தது. நாற்காலிக்கு முன்னால் தரை வெறுமனே கிடந்தது. அன்றைக்குப் பெட்டி இருந்த இடம். மேஜை, கட்டில், டிவி எல்லாவற்றையும் சுவரோரமாய் ஒதுக்கி, அந்த இடத்தை மட்டும் காலியாகவே விட்டு வைத்திருந்தார். கையில் போன் இருந்தது. அதில் அந்த வீடியோ.

அவளைப் பார்த்ததும் அவர் எழுந்திருக்கவில்லை. கண்ணைச் சுருக்கி மேலும் கீழும் பார்த்தார். கடைசியில் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏட்டி, நீதானா?”

“நாந்தாம்ப்பா.”

“உள்ள வந்துட்டியே.”

“வந்துட்டேன்.”

“அதுல படுத்திருக்கிறது நீதான? மொகம் தெரியல. ஒங் காலு எனக்குத் தெரியாதா? ஒங்கம்மை காலு.” போனை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். “பொழுதன்னைக்கும் இதான் வருது. நானும் கடைசி வரைக்கும் பாப்பேன். முடியிறதுக்குள்ள எந்திரிச்சிருவியான்னு பாப்பேன். நீ எந்திரிக்கவே மாட்டேங்கிற.”

ஜெயசித்ரா தன் போனை எடுத்தாள். அன்றைக்குப் பிடித்த காட்சி வெட்டாமல் முழுசாக அதில் இருந்தது, அவள் இதுவரை பார்க்கத் துணியாதது. அப்பாவின் காலடியில் உட்கார்ந்து அதை ஓடவிட்டாள். பெட்டி, துணி, கால்கள். தேவஇரக்கம் மூடியைத் தூக்குகிறார். உள்ளே கிடக்கிறவள் திணறிக்கொண்டு எழுந்து உட்காருகிறாள். தலைமுடி சிலிர்த்து நிற்கிறது. அடுக்கடுக்காகத் தும்முகிறாள். தேவஇரக்கம் “ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்” என்கிறார்.

அப்பா வாயைத் திறந்தபடி பார்த்தார். “எந்திரிச்சிட்ட” என்றார். “இன்னொரு தடவ போடு.” போட்டாள். மறுபடியும் கேட்டார், மறுபடியும் போட்டாள். இந்த ஒரு ஆளுக்குத்தான் அந்த வீடியோ என்று இருந்தது. அவர் கை அவள் வலது தோளில் வந்து விழுந்தது, அந்தக் கையும் சில்லென்றுதான் இருந்தது.

பிறகு அவர் போனை விட்டுவிட்டு முன்னால் கிடந்த காலி இடத்தைப் பார்த்தார்.

“அன்னைக்கும் நான் இங்கனயேதான் ஒக்காந்திருந்தேன் தாயி. எல்லாரும் கூப்பிட்டாங்க, அவ எந்திரிக்கல. நீ வந்து கூப்பிட்டா எந்திரிப்பான்னு இருந்தேன். ஒன் சத்தத்துக்குத்தான் அவ எந்த ஒறக்கத்துலயும் முழிப்பா. நீ வந்த. கண்ணாடியத் தொட்டுட்டு அப்படியே வெளிய போயிட்ட.” குற்றம் சொல்கிற குரல் அதில் இல்லவே இல்லை. “நீ கூப்பிடவே இல்ல.”

ஆமாம், கூப்பிடவில்லை. ஊர்ப் பெண்கள் எல்லாரும் மாரடித்து அழுத அந்த வீட்டில் பெற்ற மகள் ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. கூப்பிட்டு அம்மா எழுந்திருக்காவிட்டால் செத்துப்போனது உண்மையாகிவிடும் என்று பயந்து ஓடினாள், அன்றிலிருந்து ஓடிக்கொண்டே இருந்தாள்.

ம்ம்ம் என்ற சத்தம் இப்போது காலி இடத்திலிருந்துதான் வந்தது. அப்பாவுக்கும் அது கேட்கிறது என்று அவர் தலையைச் சாய்த்திருந்த விதத்தில் தெரிந்தது. அவள் முழங்காலால் நகர்ந்து அந்த இடத்துக்குப் போனாள். தரையில் கையை வைத்தாள்.

“எம்மா” என்றாள். முதலில் சத்தமே வரவில்லை. “எம்மா. எம்மோவ். நான் வந்துட்டேம்மா.”

சத்தம் நின்றுவிட்டது. பின்னால் அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்து, அவள் முதுகுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னொரு தடவ கூப்பிடு தாயி” என்றார்.